மூக்கடைப்புப் படலம்

வாழ்க எங்க அக்கா! கிருமிகுல நாசினி, சோப்புநுரைச் செல்வி, தும்மற்படை கண்டும் துளியும் கலங்காத தூயகை வீராங்கனை வாழ்க, வாழ்க! அவ புகழைப் பாடப் போறேன் மக்களே, கேளுங்க. கொஞ்சம் தள்ளியே நின்னு கேளுங்க.

பஸ் ஸ்டாண்டுல அறிவிப்புக் குரல் கொடுக்க அக்காவைத் தேர்ந்தெடுத்துட்டாங்க. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பதிவு. மூணு வருஷக் கனவு அது. "பயணிகள் கவனத்திற்கு, மூன்றாம் நடைமேடை"ன்னு அவ சொன்னா பஸ்ஸே சொக்கிப் போய் நிக்கும்!

ஆனா ஞாயித்துக்கிழமை, ஊரே பிடிச்ச பஸ் கம்பியைப் பிடிச்சு, அதே கையால மூக்கைத் தேய்ச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தார் அப்பா. மறுநாள் ஒரு தும்மு தும்மினார் பாருங்க, ஆயிரம் யானை ஒண்ணா பிளிறின மாதிரி! அதுல கிளம்பின கண்காணாக் காலாட்படை காத்துல ஏறி, கதவுப்பிடியில இறங்கி, டிவி ரிமோட்டுல பாசறை அமைச்சு, செவ்வாய்க்கிழமை அம்மாவைச் சாய்ச்சு, புதன்கிழமை என்னை மண்ணைக் கவ்வ வெச்சு, கடைசியில அக்காவோட மூக்குக்கோட்டை வாசல்ல முரசு கொட்டுச்சு.

அக்கா சூளுரைச்சா: "இந்த வீட்ல எவனாச்சும் என் பக்கம் மூச்சு விட்டீங்க, தொலைச்சுப்புடுவேன்!"

"மூச்சு விடாம எப்படிடி இருக்கிறது?"ன்னார் அப்பா, தும்மிக்கிட்டே.

முகக்கவசம் பூண்டா. முழங்கையால கதவைத் தள்ளினா. தனித்தட்டு, தனிடம்ளர், தனிநாற்காலி. ஒரு நாளைக்கு இருபத்தேழு தடவை கை கழுவி, அந்த வெற்றிக்கரத்தை ஒவ்வொரு தடவையும் வாஷ்பேசின் பக்கத்துல தொங்குற பச்சைத் துண்டுல கம்பீரமா துடைச்சா. புதன்கிழமை, படிக்க வேண்டிய தாளைக் கொடுக்க வந்த ஒலிப்பதிவாளரையும் விடல. "சார், கை கழுவிட்டு உள்ள வாங்க!" அவரும் பயபக்தியோட கழுவினார். துடைச்சார்.

விடிஞ்சது வெள்ளி. வீடே மூச்சைப் பிடிச்சு நிக்க, அக்கா தொண்டையைச் செருமி வாய் திறந்தா.

"பயடிகள் கவடத்திற்கு, பூட்றாப் தடைபேடை..."

ஐயோ! மூக்குக்கோட்டை விழுந்துச்சு! மெல்லினமெல்லாம் வல்லினமாச்சு! அக்கா கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு. அந்த நேரம் பார்த்து ஒலிப்பதிவாளர்கிட்டேர்ந்து போன் வந்துச்சு. அம்மா ஸ்பீக்கர்ல போட்டாங்க.

"பேடப்... இட்டிக்குப் பதிவு இல்ல. எடக்குப் பூக்கடைப்பு!"

"என்னது, பூக்கடை வெக்கிறாராமா?"ன்னார் அப்பா.

"மூக்கடைப்புப்பா!"ன்னு நான் கத்த, அக்கா அழுகையும் சிரிப்புமா தரையிலயே உட்கார்ந்துட்டா. அடுத்த வெள்ளிக்குத் தள்ளி வெச்சிருக்காராம்.

"அப்புறப் பேடப், உங்க வீட்ல கை துடைச்சேடே... அந்தத் துண்டு..."

எட்டுக் கண்ணும் ஒரே நேரத்துல திரும்பிச்சு. அங்க, எங்க எல்லாருக்கும் பொதுவான கொடியா, எதிரியோட தலைநகரமா, ஈரம் சொட்டச் சொட்டத் தொங்கிக்கிட்டிருந்துச்சு அந்தப் பச்சைத் துண்டு.

அப்பா அதை எடுத்து, ஒரு தடவை மூக்கைத் துடைச்சுட்டு, வாஷிங் மெஷின்ல போட்டார்.