கணையம் சாரின் சவரக் கத்தி

செத்த பருந்தைக் கண்டதும் கைக்கடிகாரத்தைப் பார்க்கிற மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் கணையம் சார்!

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் நாங்கள் அறைத் தோழர்கள். நான் எளாவூர் செக்போஸ்டில் குமாஸ்தா. அவர் பள்ளிக்கூட வாத்தியார்; மற்ற நேரமெல்லாம் வேட்டைப் பறவைகளின் கணையத்தைப் பற்றி ஆராய்ச்சி. ஆனால் பறவையைக் கொல்ல மனசு வராது. அதுவாகச் செத்தால்தான் உண்டு. கணையத்தை மெழுகில் பதித்து, ஒரு சவரக் கத்தியால் வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னைக் கூப்பிடுவார்.

"பாருய்யா! இது இருண்ட திட்டு, அது வெளிறிய திட்டு!"

எனக்கு என் கண்ணிமை மயிர்தான் தெரியும். "பிரமாதம் சார்" என்பேன். அந்தக் கத்தியை என் தாடைக்கு ஒருநாள்கூடத் தந்ததில்லை, கஞ்சன்!

ஆந்தை, வல்லூறு, கரும்பருந்து எல்லாம் சேர்ந்துவிட்டன. கருடன்தான் பாக்கி. மாதக் கடைசியில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும்; அதற்குள் அது கிடைக்காவிட்டால் ஐந்து வருட உழைப்பும் டாக்டர் பட்டமும் போச்சு. ஞாயிறு முழுக்க பார்மலின் பாட்டிலோடு செக்போஸ்ட் டீக்கடையில் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒரு ஞாயிறு மத்தியானம் லாரிக் கண்ணாடியில் மோதி ஒரு கருடன் விழுந்து செத்தது. சார் எழுந்து ஓடுவதற்குள் டிரைவர்கள் மஞ்சள் துணி போர்த்திக் கற்பூரம் ஏற்றிவிட்டார்கள்.

"சாமிய அறுக்கறதா? இன்னா சார் பேசிக்கினு கீற?" என்றார் எல்லோரும் நைனா என்று கூப்பிடும் மூத்த டிரைவர்.

"லேட்டானா கணையம் தன்னைத்தானே தின்னுடும்யா!"

"அப்ப மொட்ட போட்டுக்கினு, புள்ளையா நின்னு காரியம் செய். அப்பால அறு."

சார் யோசிக்கவே இல்லை. பையிலிருந்து கத்தியை எடுத்து என் கையில் திணித்தார். "சிரைய்யா, சீக்கிரம்!"

பாதித் தலை முடிந்தபோது கடிகாரத்தைப் பார்த்து அலறினார். நைனாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பேஜாரு புடிச்ச ஆளு! நீ அறு சார், மீதிய அப்பால பாத்துக்கலாம்."

அரை மொட்டையோடு கணையத்தை எடுத்துப் பாட்டிலில் போட்டார். கருடனைத் தைத்து மூடி, மீதித் தலையையும் எனக்குக் கொடுத்துவிட்டு, குழியில் பால் ஊற்றினார். நடிப்பென்று நினைத்தேன். நிஜமாகவே அழுதுகொண்டிருந்தார்.

பட்டத்துக்கான நேர்முகத்தில், "வீட்ல யார் தவறிட்டாங்க?" என்று கேட்டார்களாம். "கருடன் சார்" என்றாராம். ஆனாலும் பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

கல்லூரியில் வேலை கிடைத்து ஊரை விட்டுப் போனபோது அந்தக் கத்தியை என் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். கூடவே ஒரு சீட்டு: "இனி உன் தாடைக்கு."

இன்றுவரை அதில் சவரம் செய்ய எனக்கு மனசு வரவில்லை.