இருநூற்றுப் பதின்மூன்றாவது பிறப்பு

பிறப்பைப் பதிவு செய்யும் அலுவலகங்கள் உலகில் ஆயிரம் இருக்கலாம். பிறப்பே நடக்கும் அலுவலகம் ஒன்றுதான் உண்டு. அந்தப் பெருமை முழுவதும் மேலாளரின் மேசைமேல் இருந்த தடித்த இலைச் செடியையே சேரும்.

அதன் இலை விளிம்பில் பல்வரிசை போலக் குட்டிச் செடிகள் நிற்கும். தும்மினால் உதிரும், உதிர்ந்த இடத்தில் வேர் விடும். கோப்பு இடுக்கிலும் விட்டது, ஒருநாள் காவலாளியின் செருப்பிலும் விட்டது. மண் வேண்டுமென்று அது யாரையும் தொந்தரவு செய்ததில்லை.

“கண்ணு முன்னாடி பிறக்குறதைப் பதியாம, வெளியே பிறக்குறதை எந்த மூஞ்சியோட பதியறது?” என்றார் மேலாளர்.

அன்றே ‘செடி நலக் குழு’ உதயமானது. தண்ணீர் ஊற்ற மேலாளரின் மச்சான், தொட்டியைத் திருப்பி வைக்க மருமகன், இருவரையும் மேற்பார்வையிட சகலை. வேலை செய்ய மட்டும் பதிவு அக்கா. ஒவ்வொரு குட்டிக்கும் நாள், நேரம், தாய்ச்செடி விவரம் எழுதி எழுதி அவள் விரல் வீங்கியது.

ஜன்னலில் ஒருவர் கைக்குழந்தை போல ஓர் ஐந்து வயதுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

“மூணு மாசமா அலையறேன் அக்கா. இன்னைக்குச் சான்றிதழ் தரலைன்னா பள்ளிக்கூடத்துல சேர்க்க மாட்டாங்க.”

“நான் என்னப்பா செய்வேன்? உங்களுக்கு முன்னாடி இருநூத்திப் பன்னெண்டு பேர் பிறந்திருக்காங்க.”

அந்த நேரம் பார்த்து, எலி பிடிக்கும் அலுவலகப் பூனை எண்பத்தேழாம் குட்டிச் செடியைத் தின்று வாந்தி எடுத்தது. அக்கா பூனையையும் ஓர் இலையையும் பையில் போட்டுக்கொண்டு மாட்டு வைத்தியரிடம் ஓடினாள்.

“விஷச் செடிம்மா இது. இன்னும் ரெண்டு இலை தின்னிருந்தா நெஞ்சு நின்னிருக்கும். ஒண்ணு விடாம பொறுக்கிக் கட்டிக் குப்பையில போடுங்க,” என்றார் அவர்.

குழு அவசரமாகக் கூடியது.

“தின்னுறதுக்கு முன்னாடி பூனை அனுமதி வாங்குச்சா?” என்றார் மச்சான்.

“அதுக்கு எழுதத் தெரியாது சார்,” என்றாள் அக்கா.

“தகுதி பார்க்காம உள்ளே விட்டா இப்படித்தான்,” என்று வருந்திய மருமகன், வருகைப் பதிவேட்டில் கைநாட்டு வைத்தார்.

பூனை நீக்கப்பட்டது. அக்காவுக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. “விஷம்னு தெரிஞ்சும் எதுக்கு சார் தண்ணி ஊத்தணும்?”

மேலாளர் குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். “தண்ணி ஊத்துறது என் மச்சான்மா. செடியைத் தூக்கிட்டா அவன் எங்கே போவான்?”

இவ்வளவு தெளிவான பதிலை அவள் இருபது வருடத்தில் கேட்டதில்லை. தன் இடத்துக்கு வந்தாள். பதிவேட்டைத் திறந்து, இருநூற்றுப் பதின்மூன்றாவது வரியில் அந்த ஐந்து வயதுப் பெண்ணின் பெயரை எழுதினாள். முத்திரை குத்தினாள். சான்றிதழை ஜன்னல் வழியே நீட்டினாள்.

“ஓடுங்க. பள்ளிக்கூடம் மூடிடப் போறாங்க.”

மாலைக்குள் அவளுடைய பணிநீக்க உத்தரவு வந்துவிட்டது. செடி அலுவலகம் முழுக்கப் பரவ மூன்று மாதம் பிடித்தது என்பதை நினைத்தால், அந்த வேகம் பாராட்டத்தக்கது. சகலை அதை எழுத்துக்கூட்டி வாசித்தார்:

“குற்றம்: செடிகளுக்குரிய பதிவேட்டில், முறையின்றி, ஒரு மனிதக் குழந்தையைப் பிறக்க வைத்தது.”