மைக் இல்லாத மாப்பிள்ளை

பெண் பார்க்கிற இடத்தில் உளறிக்கொட்டி மானத்தை வாங்கிக்கொண்டவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். ஒரு வார்த்தைகூட உளறாமல் மானம் போனவன், எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

அப்போது நான் பஹ்ரைனில், ஈசா டவுனில், ஒரு ஏசி கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். லீவுக்கு இன்னும் பல மாதம் இருந்தது. அதற்குள் அம்மா பட்டுக்கோட்டையில் ஒரு பெண்ணைப் பார்த்து, பிடித்துப்போய், பூ வைக்காத குறையாகப் பேசி முடித்துவிட்டார். பெண் பெயர் மலர்விழி. 'மாப்பிள்ளையை நேரில் பார்க்காவிட்டாலும் நாலு வார்த்தை பேசியாவது பார்க்க வேண்டாமா?' என்று பெண்ணின் அப்பா கேட்டாராம். நியாயம்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்கள் அங்கே ஒரு நெட் சென்டருக்கு வருவது, நான் இங்கே ஒரு நெட் சென்டரில் உட்காருவது, கேமரா வழியாகப் பார்த்துப் பேசுவது என்று ஏற்பாடு.

ஈசா டவுன் நெட் சென்டரில் கேமரா உண்டு, ஹெட்செட் கிடையாது. அதை அவரவர் கொண்டுவர வேண்டும். பக்கத்துக் கடையே எலக்ட்ரானிக்ஸ் கடை. கீழக்கரை காக்காவுடையது. (காக்கா என்றால் அவர்கள் பக்கம் அண்ணன். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்.)

காக்கா ஒரு ஒயர் ஹெட்செட்டை எடுத்துப் போட்டார். கறுப்பு பிளாஸ்டிக், வாய்க்கு முன்னால் வளைந்து நிற்கும் ஒரு குச்சி மைக், வால் மாதிரி நீளமான ஒயர்.

"இத எடுத்துக்கங்க தம்பி. நானே இதுலதான் வீட்ல பேசுறேன். ஒரு குறையும் இல்ல."

என் கண் மேல் தட்டுக்குப் போயிருந்தது. அங்கே வெள்ளி நிறத்தில் ஒரு ஒயர்லெஸ் ஹெட்போன். இரண்டு காதுக்கும் மெத்தை, உட்கார வைக்கத் தனி ஸ்டாண்டு, ஸ்டாண்டில் ஒரு ஆன்டெனா. விமானம் ஓட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வது போல இருந்தது. அதன் விலைக்கு ஒயர் ஹெட்செட்டை நாங்கள் தங்கியிருந்த மொத்த கேம்ப்புக்கும் வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

"காக்கா, பொண்ணு வீட்டுக்காரங்க கேமராவுல பாப்பாங்க. மூக்குக்கு முன்னாடி இந்தக் குச்சிய வச்சுக்கிட்டு உக்காந்தா ஆபீஸ்ல டெலிபோன் எடுக்குறவன்னு நெனப்பாங்க."

"அதுவும் சரிதான்" என்றார் காக்கா. (விலை அதிகமான பொருளை வாங்குகிறவனிடம் எந்தக் கடைக்காரர் வாதாடுவார்?)

வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்காமல், முடி கலையாதபடி ஹெட்போனை மாட்டி, ஸ்டாண்டை கம்ப்யூட்டரில் செருகி உட்கார்ந்தேன். திரையில் ஒரு பெஞ்சில் மூன்று பேர் தெரிந்தார்கள். நடுவில் மலர்விழி, ஒரு பக்கம் அவள் அப்பா, மறுபக்கம் அத்தை.

"தம்பி, சௌக்கியமா?" என்றார் அப்பா. குரல் அவ்வளவு துல்லியம். காசு வீண் போகவில்லை என்று நினைத்தேன்.

"நல்லா இருக்கேன் மாமா" என்றேன்.

அவர் காத்திருந்தார். "தம்பி, சௌக்கியமான்னு கேட்டேன்."

"நல்லா இருக்கேன்!" என்று கத்தினேன். பக்கத்து மேஜை மலையாளி திரும்பிப் பார்த்தார். பட்டுக்கோட்டைக்கு எட்டவில்லை.

"வாய் அசையுது, சத்தத்தக் காணோமே" என்றார் அத்தை.

அப்போதுதான் ஹெட்போனைத் தடவிப் பார்த்தேன். மேலே, கீழே, உள்ளே, வெளியே. மைக் என்று ஒன்று அதில் இல்லவே இல்லை. அது பாட்டுக் கேட்க மட்டும் செய்த சாதனம்!

பதற்றத்தில் காதைத் தொட்டேன், வாயைத் தொட்டேன், கையை விரித்து இல்லை என்றேன். அத்தை நெஞ்சில் கை வைத்தார். "அய்யய்யோ, ஜாடை காட்டுறாரு அண்ணே!"

படித்தவன் இல்லையா, சமயோசிதமாக டைப் அடித்தேன். என் இங்கிலீஷ் எழுத்துத் தமிழை மலர்விழி திரையருகே வந்து சத்தமாக வாசித்தாள். "என்னால பேச முடியாது."

அடுத்த வரியில் மைக் விஷயத்தை எழுதுவதாக இருந்தேன். அதற்குள் அங்கே பஞ்சாயத்து தொடங்கிவிட்டது. திரையை யாரும் பார்க்கவில்லை. எழுந்து காக்கா கடைக்கு ஓடினேன். ஓடுகிற அவசரத்தில் ஹெட்போனைக் கழற்றவில்லை. சுவர் தாண்டியும் அதில் அவர்கள் பேச்சு தெளிவாகக் கேட்டது. அந்தப் பாழாய்ப்போன பொருளின் ஒரே நல்ல குணம் அதுதான்.

"காக்கா, இதுல மைக் இல்ல!"

"இல்லையா? எனக்கு என்ன தம்பி தெரியும், நான் விக்கிறவன்" என்றபடி அவர் ஒயர் ஹெட்செட்டைத் தேட, என் காதில் அத்தை பேசினார்.

"எந்திரிச்சு ஓடிட்டாரு பாரு. பேச்சு வராதுங்கறத மறைச்சுல்ல சம்பந்தம் பேசிருக்காங்க. வாங்க, போவோம்."

"இரு, புள்ள என்ன சொல்லுதுன்னு கேப்போம்" என்றார் அப்பா.

காக்கா நீட்டிய பாக்கெட்டை வாங்காமல் நின்றேன்.

"அவரு எதயும் மறைக்கலையே அத்தை" என்றது மலர்விழியின் குரல். "அவரே எழுதிச் சொன்னாருல்ல. பேச்சு வராட்டி என்ன? மொகத்தப் பாத்தா நல்லவராத் தெரியுது. எனக்குச் சம்மதந்தான்."

"தம்பி, என்ன ஆச்சு? கண்ணு கலங்குது?" என்றார் காக்கா.

பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு திரும்ப ஓடினேன். ஒயரைச் செருகி, குச்சி மைக்கை மூக்குக்கு முன்னால் இழுத்துவிட்டு, "வணக்கம் மாமா!" என்றேன்.

அத்தை பெஞ்சிலிருந்து எழுந்தேவிட்டார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டது எனக்கா, பட்டுக்கோட்டை நாடியம்மனுக்கா என்று இன்றுவரை தெரியவில்லை. அடக்கி வைத்த பேச்செல்லாம் அணை உடைந்த மாதிரி வந்தது. சம்பளம், ரூம், சமையல், ஏசியில் கேஸ் ஏற்றும் விதம் எல்லாவற்றையும் சொன்னேன். பொழுது போய்க்கொண்டே இருந்தது. மலர்விழி முகத்தில் முதலில் இருந்த சிரிப்பு மெதுவாகக் கரைந்து கவலையானதை நான் கவனிக்கவில்லை.

கல்யாணம் அடுத்த லீவில் நடந்தது. அன்றைக்கு அவள் சொன்னதைக் காக்கா கடையில் நின்று கேட்டுவிட்டேன் என்று அப்போது அவளிடம் சொன்னேன். வெட்கப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். "ஒட்டுக் கேட்டீங்களா?" என்று முறைத்தாள்.

இப்போதும் வீட்டுக்கு யாராவது வந்து நான் வளைகுடாக் கதையை ஆரம்பித்தால், காபி கொண்டுவரும் மலர்விழி டம்ளரை வைத்துவிட்டு அவர்களிடம் சொல்வாள்: "நான் சம்மதம்னு சொன்னது பேசாத மாப்பிள்ளைக்குங்க. அவரு எழுந்து போனாரு, திரும்பி வந்து உக்காந்தது இந்த ஆளு."