மிச்சம் அக்கான்ர

தினமும் பார்க்கிற பொருளில் என்ன இருக்கிறது என்பது எவருக்கும் தெரியாது. எனக்கு அது வவுனியா நெளுக்குளத்தில், ஒரு ரியூசன் வகுப்புப் பிள்ளைகள் முழுப்பேருக்கும் முன்னால் தெரியவந்தது.

பௌதிகவியலில் பட்டம் பெற்றுவிட்டு, வேலையில்லாமல் கிளிநொச்சியில் வீட்டோடு இருந்தேன். ரியூசன் நடத்தியவரை எல்லோரும் 'பெரிய சேர்' என்பார்கள். ஒரு பாடம் எடுத்துக் காட்டச் சொன்னார்; சரிவந்தால் வேலை. அப்பாவோ அதற்குள் இரணைமடு வாய்க்கால் கரையில் கண்டவர்களிடமெல்லாம் "மகன் வவுனியாவில படிப்பிக்கிறான்" என்று சொல்லி முடித்திருந்தார்.

பாடம், சாய்ந்த இரண்டு தளவாடிகளுக்கிடையில், அதாவது தட்டைக் கண்ணாடிகளுக்கிடையில், தோன்றும் விம்பங்கள். முந்நூற்றறுபதைக் கோணத்தால் வகுத்து ஒன்றைக் கழித்தால் விடை. அறுபது பாகைக்கு ஐந்து. தவறவே வழியில்லை. வீட்டிலிருந்த இரண்டு முகக்கண்ணாடிகளையும் சாரத்தில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். எண்ணுவதற்கு எடுப்பான பொருள் வேண்டுமென்று அக்காவின் சிவப்பு ஒட்டுப்பொட்டு ஒன்றைப் பலகையில் எழுதும் வெண்கட்டித் துண்டில் ஒட்டியிருந்தேன். (அந்த யோசனைக்காக என்னை நானே மெச்சியும்கொண்டேன்.)

அக்கா முகம் கழுவப் போகும்போது பொட்டைக் கழற்றிக் கைக்கெட்டிய கண்ணாடியில் ஒட்டுவாள். மறுநாள் புதிது வைப்பாள். பழையது அங்கேயே குடியிருக்கும். மீசை முளைத்த நாள் முதல் நான் சவரம் செய்தது அந்தக் கண்ணாடிகளில்தான். ஒரு பொட்டைக்கூடக் கண்டதில்லை.

கண்ணாடிகளை நிறுத்தி, கோணமானியால் அளந்து, நடுவில் வெண்கட்டியை வைத்தேன்.

"எத்தினை பொட்டின்ர விம்பம் தெரியுது?"

"பதினெட்டு, சேர்!" என்றாள் முன்வாங்குப் பிள்ளை.

"இல்லை சேர், இருபத்திமூண்டு. மூலையில மெரூனும் கிடக்கு."

"கறுப்பையும் எண்ணுறதோ, சேர்?"

குனிந்து பார்த்தேன். அக்காவின் ஓராண்டு நெற்றி முழுவதும் அங்கே வட்டம் கட்டி நின்றது.

பின்வாங்கிலிருந்து பெரிய சேர் எழும்பினார்.

"தம்பி, சூத்திரத்தின்படி எத்தினை?"

"அஞ்சு, சேர்."

"அப்ப மிச்சம்?"

"மிச்சம் அக்கான்ர, சேர்."

வகுப்பு மேசையில் அடித்துச் சிரித்தது. நான் பொட்டுகளை நகத்தால் சுரண்டினேன். கண்ணாடி சரிந்து கோணம் குறைந்தது. விம்பங்கள் இன்னும் கூடின. (சூத்திரம் அந்த இடத்தில் மட்டும் பிசகவில்லை.) வியர்வையைத் துடைத்தேன்.

பெரிய சேர் கிட்ட வந்தார். "சரி தம்பி, சொல்லியனுப்புறம். உம்மட நெத்தியில ஒண்டு ஒட்டிக் கிடக்கு. எடுத்துப்போட்டு பஸ் ஏறும்."

இன்னும் சொல்லியனுப்பவில்லை. அன்று வீட்டு வாசல் படலையில் நின்ற அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு, கண்ணாடிகளை வாங்கி உள்ளே கொண்டுபோனார். விசாரித்தவர்களிடம், "அவனுக்குப் பஸ் பயணம் ஒத்துவராது" என்றார். சிரித்த வகுப்பைவிட அதுதான் அதிகம் வலித்தது.

நான் இப்போது உரக் களஞ்சியமொன்றில் மூடை எண்ணுகிறேன். அக்கா இன்னும் கண்ணாடியில்தான் பொட்டு ஒட்டுகிறாள். வீட்டில் இடியப்பம் மிஞ்சினாலும், யாரோ மறந்துபோன குடை கிடந்தாலும், அம்மாவும் அக்காவும் "மிச்சம் அக்கான்ர" என்பார்கள். அக்காவை என்னிடம் 'கொக்கா' என்று சொல்லும் அப்பா மட்டும் அதைச் சொன்னதே இல்லை.

போன கிழமை களஞ்சியத்தில் ஒரு மூடை கூடிப்போனது. எத்தனை தரம் எண்ணியும் பிடிபடவில்லை என்று இராச்சாப்பாட்டின்போது புலம்பினேன்.

அப்பா சோற்றுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"கொக்காவைக் கேட்டனியோ?"