கதவு மாஸ்டரும் செம்பனைக் காற்றும்

கதவு என்ற பொருளே திறந்து வைப்பதற்காகத்தான் கண்டுபிடிக்கப்பட்டது என்று நம்பிய ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் கதவு மாஸ்டர்தான். இத்தனைக்கும் அவருடைய பிழைப்பு சிரம்பான் லோபாக் கடைத்தெருவில் இரும்பு ஷட்டர் பொருத்துவது. வாரம் முழுக்க ஊரார் கடைகளை இறுக்கி மூட வழி செய்துவிட்டு, சனிக்கிழமை காலையில் மோட்டார் சைக்கிளில் கோலா சாவா பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டத்துக்கு வருவார். தோட்டத்து மண்டபத்தின் கதவு ஜன்னல்களை ஒன்றுவிடாமல் அகலத் திறப்பார். அதற்குப் பிறகுதான் பிள்ளைகளுக்குப் பூப்பந்து, அதாவது பேட்மிண்டன் பயிற்சி.

பூப்பந்தைக் காற்றில்லாத இடத்தில் ஆட வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். எங்கள் மண்டபத்திலோ செம்பனைக் காற்று இடது வாசலில் நுழைந்து, சாவகாசமாக வலது வாசலில் வெளியேறும். மழை பெய்த மறுநாள் பனிமூட்டத்தையும் கூட்டிக்கொண்டு வரும். வலைக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்றே தெரியாது. பந்து வெள்ளைக்குள் வெள்ளையாக மறையும். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. எங்கோ ஒரு பிள்ளை சிரிக்கும். பிறகு தூக்கம் கலைந்து எழுந்து வருவதுபோல் பந்து மெல்லத் திரும்பி வரும். ஒருமுறை ஜன்னல் வழியாகப் போய் ஒரு மாட்டின் முதுகில் உட்கார்ந்தது. மாடு கண்டுகொள்ளவில்லை.

என் மகள் கவினிலாவைச் சேர்க்கப் போன அன்று நான் வாயைக் கொடுத்தேன்.

“கதவ சாத்துனா என்னா லா மாஸ்டர்? பந்து பறக்குதே!”

“சாத்தலாம்ணே. ஆனா உள்ள இருக்கறவன் நல்லவனா கெட்டவனான்னு வெளிய நிக்கிற உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“உங்களத் தெரியாதா எனக்கு?”

“தெரியாது. இன்னைக்குத்தானே பாக்கறீங்க.”

கவினிலாவின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிள்ளைகளைத் தொட்டுச் சொல்லிக்கொடுக்க மாட்டார். கையில் ஒட்டடைக் கம்பு இருக்கும். எட்ட நின்று, கம்பு முனையால் தரையைக் காட்டி, “வலது காலு இங்க வரணும் கண்ணு” என்பார். தொடங்கும் முன் ஒவ்வொருவரிடமும் “எங்கயாச்சும் வலிக்குதா?” என்று கேட்பார். வலிக்கிறது என்றால் அன்றைக்கு நடுவர் நாற்காலி. ஒரு சனிக்கிழமை எல்லாருக்கும் வலி வந்துவிட்டது. ஆட ஆளில்லை, நடுவர்கள் மட்டும் இருந்தார்கள்.

“பொய் சொல்றாங்க மாஸ்டர்” என்றேன்.

“இருக்கட்டும்ணே. பொய் வலின்னா அடுத்த வாரம் போயிடும். நெச வலிய நான் நம்பலன்னா, அப்புறம் என்கிட்ட சொல்லவே மாட்டாங்க.”

இன்னொரு சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து மகளைக் கூட்டிப்போக வரும்போது மந்தின் ஊர்ப் பக்கம் என் மோட்டார் படுத்துவிட்டது. கொட்டுகிற மழையில் தாமதமாக வந்து சேர்ந்தால், மளிகைக்கடை வாசலில் ஒரு மாநாடே நடக்கிறது. கவினிலா, மாஸ்டர், கடைக்கார அக்கா, தையற்காரர், குடையோடு கோயில் பூசாரி.

“உங்க மகளோட நான் தனியா இருக்கக் கூடாதுல்ல, அதான் இவங்களக் கூப்பிட்டேன்” என்றார் மாஸ்டர்.

“சாமிக்கு வெளக்கு போடணும்பா, இந்த மனுசன் விட மாட்டேங்கறாரு!” என்றார் பூசாரி.

இப்படி ஆனந்தமாகப் போய்க்கொண்டிருந்தபோது சிரம்பானில் ஒரு போட்டி வந்தது. பெரிய மண்டபம், எல்லாக் கதவும் மூடியிருந்தது, ஒரு மூச்சுக் காற்று கிடையாது. எங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் பழக்கதோஷத்தில் காற்றுக்கு இடம் விட்டு இடது பக்கமாகவே அடித்தார்கள். காற்று வந்து பந்தைக் கோட்டுக்குள் தள்ளும் என்று காத்திருந்தார்கள். காற்று வரவேயில்லை. முதல் சுற்றிலேயே எல்லாரும் வெளியே. பார்வையாளர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேனில் கவினிலா அழுதுகொண்டே வந்தாள்.

“தப்பு என்னோடது கண்ணு” என்றார் மாஸ்டர். “காத்தே இல்லாத ஊரு ஒன்னு இருக்குன்னு நான் சொல்லிக் குடுக்கல.”

மண்டபத் தலைவர் விடுவாரா? “இனிமே கதவ சாத்திட்டு சொல்லிக் குடுங்க, இல்லன்னா டவுன்ல இருந்து வேற மாஸ்டர் வருவாரு” என்றார். மாஸ்டர் சண்டை போடவில்லை. ஒட்டடைக் கம்பை மூலையில் சாத்திவிட்டுப் போனார். வாரம் முழுக்கச் சனிக்கிழமைக்காகவே வாழ்ந்த என் மகள் சாப்பாட்டில் கைவைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை புது மாஸ்டர் வந்தார், தங்கமான இளைஞர். கதவையெல்லாம் சாத்திவிட்டு, ஒரே ஒரு கதவைப் பாதி திறந்து பிள்ளைகளைக் கூப்பிட்டார். ஒருவரும் உள்ளே போகவில்லை.

“உங்களத் தப்பா சொல்லல சார்” என்றாள் கவினிலா. “கதவு சாத்தியிருந்தா நாங்க உள்ள வர மாட்டோம். எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க.”

அந்த இளைஞர் தலைவரிடம் திரும்பி, “இந்தப் பிள்ளைங்களுக்கு மாஸ்டரு ஏற்கனவே இருக்காரு சார்” என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டார்.

தலைவரே லோபாக்குக்குப் போய் மாஸ்டரை அழைத்து வந்தார். ஆனால் கதவைத் திறந்தால் காற்று, போட்டியிலோ காற்றே இல்லை என்ற சிக்கல் அப்படியேதான் இருந்தது. பெரியவர்கள் நாங்கள் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது கவினிலா கேட்டாள்:

“மாஸ்டர், வெளிய இருக்கறவங்க பாக்கறதுக்குத்தானே தொறக்கறோம்? கண்ணாடி மாதிரி ஒன்னு போட்டுட்டா?”

மாஸ்டர் கதவைப் பார்த்தார். தன் கைகளைப் பார்த்தார். “இத்தன வருசமா கதவு வேலதானே லா பாக்கறேன்! எனக்கு ஏன் தோணல?” என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இப்போது மண்டபத்துக்கு வாசல் முழுக்கக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கதவுகள், எல்லாம் அவர் கைவேலை. போன போட்டியில் கவினிலா இரண்டாம் சுற்றில்தான் தோற்றாள். வீட்டில் பாயசம் வைத்தோம். பயிற்சி முடியும் நேரத்தில், “காத்து விடுங்க மாஸ்டர்!” என்று பிள்ளைகள் கத்துவார்கள். அவர் எல்லாக் கதவையும் திறந்துவிடுவார். பனி உள்ளே வரும், பந்துகள் தம் இஷ்டத்துக்கு மிதக்கும், யாரும் புள்ளி எண்ண மாட்டார்கள்.

நான் சனிக்கிழமை தவறாமல் அந்தக் கண்ணாடிக்கு வெளியே போய் நிற்கிறேன்.

“என்னாண்ணே, இன்னும் என் மேல சந்தேகம் தீரலையா?” என்று ஆவலாகக் கேட்பார்.

“இன்னும் தீரல மாஸ்டர்” என்று சொல்லிவைப்பேன். சந்தேகமாவது ஒன்றாவது. எனக்கு அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்கும், அவ்வளவுதான்.