பூட்டிய பிராசஸரும் என் பதினோரு நிமிடமும்

நான் செய்தது தப்பு என்று இதுவரை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. இப்போதும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. விருத்தாசலத்தில் சித்தப்பாவின் பீங்கான் பொம்மைப் பட்டறையில், கம்ப்யூட்டரில் பொம்மை வரைவது என் வேலை. (எல்லோரும் என்னை 'இன்ஜினியரம்மா' என்பார்கள். நான் படித்தது பி.காம்.)

அன்று காலை பதினோரு மணிக்குச் சென்னையிலிருந்து ஒரு வியாபாரி வருவதாக இருந்தது. புது யானைப் பொம்மை சுற்றிச் சுழலும் வீடியோவை அவருக்குக் காட்ட வேண்டும். பிடித்துவிட்டால் சீசன் முழுக்கப் பட்டறைக்கு வேலை. எட்டு மணிக்குப் பார்த்தால், வீடியோ தயாராக மூன்றரை மணி நேரம் ஆகும் என்றது கம்ப்யூட்டர்.

எங்கள் பிராசஸர் பூட்டிய வகை. வேகத்தை நாம் கூட்ட முடியாதபடி கம்பெனியே தடுத்து வைத்திருப்பது. நான் வாங்கின சாமானுக்கு இன்னொருத்தன் பூட்டா? மதர்போர்டின் செட்டிங்கில் ஓர் எண்ணை மாற்றினால், பூட்டைத் தொடாமலே வேகம் கூடும் என்று இணையத்தில் ஒருவர் எழுதியிருந்தார். 'மலிவான போர்டில் செய்யாதீர்கள்' என்றும் எழுதியிருந்தார். அது எங்கள் போர்டைச் சொல்லவில்லை என்று முடிவு செய்தேன். (கடையில் இருந்ததிலேயே மலிவானது எங்களுடையதுதான்.)

"பூட்டு போட்டு வித்திருக்கான்னா ஏதாச்சும் காரணம் இருக்கும்மா. வுட்டுடேன்," என்றார் சித்தப்பா.

"அவன் காரணம் அவனோட இருக்கட்டும். நமக்குப் பதினோரு மணிக்கு ஆள் வராரு."

எண்ணை மாற்றினேன். சூடாகுமே என்று பெட்டியைத் திறந்து, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினேன். மீதி நேரம் மூன்று மணி நேரத்துக்கும் கீழே இறங்கியது! சித்தப்பாவைப் பெருமையாகப் பார்த்தேன். பதினோரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ராத்திரியே கெளம்பிட்டேன், ரோட்டுல கூட்டமே இல்ல, சீக்கிரம் வந்துட்டேன்," என்றபடி வியாபாரி உள்ளே நுழைந்தார். கறுப்புச் சட்டை.

"இவங்கதான் எங்க இன்ஜினியரு," என்றார் சித்தப்பா.

டப்!

பிராசஸருக்குக் கரண்ட் கொடுக்கும் பகுதியிலிருந்து புகை. நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, புகையை வெளியே தள்ள ஃபேனை வாசல் பக்கம் திருப்பினேன். வாசலுக்கும் ஃபேனுக்கும் நடுவே, சலித்து வைத்த பீங்கான் மண் ஒரு தாம்பாளம் நிறைய இருந்தது. மறு நொடி வியாபாரி புருவம் வரைக்கும் வெள்ளை.

"பொம்மை செய்யறீங்கன்னாங்க. என்னையே செஞ்சுட்டீங்களேம்மா," என்று இருமினார்.

"வீடியோ வேகமாத்தாங்க போயிட்டிருந்துச்சு," என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அது. வாயில் அதுதான் வந்தது.

மறுநாள் தோழியின் லேப்டாப்பில் வீடியோவை முடித்து அனுப்பினேன். பாதி ஆர்டர்தான் வந்தது. செத்தது மதர்போர்டு மட்டும். பிராசஸர் வேறு போர்டில் இன்றும் ஓடுகிறது. தப்பு என்னுடையது என்றால் அதுவல்லவா முதலில் செத்திருக்க வேண்டும்?

என் நியாயத்தைக் கேட்க வீட்டில் ஆளில்லை. அவசரப்பட்டு எதையாவது கெடுப்பதற்கு எங்கள் குடும்பத்தில் என் பெயரையே வைத்து 'கவிதா பண்றது' என்கிறார்கள். சூளையில் ஒருவர் தீயைக் கூட்டினால், "கவிதா பண்ணிடாத!" என்று இன்னொருவர் கத்துவார்.

போன வாரம் கம்மாபுரம் ரோட்டில் என் கணவர் வண்டியை விரட்டினார். நடுவில் உட்கார்ந்திருந்த எங்கள் நான்கு வயது மகள் அலறினாள்:

"அப்பா, அம்மா பண்ணாதீங்கப்பா!"

"வண்டி தாங்கும். இன்னும் கொஞ்சம் கூட்டுங்க," என்றேன் நான்.