தூண்டில் மீனும் நாலாவது பெண் பார்த்தலும்

கணுக்காலுக்கு மேல் கடலில் நனையாமல், கடலுக்கடியிலேயே குடியிருந்த ஒரே மனிதர், மயிலாப்பூர் மாடியறையில் என்னோடு இருந்த ‘ஆழ்கடல்’தான். காலேஜில் விலங்கியல் டியூட்டர். மீன் வாடை பட்டாலே குமட்டும் சைவர். ஆனால் தூண்டில் மீன் என்ற ஒன்றுக்குத் தன் ஆயுளையே எழுதிக் கொடுத்திருந்தார்.

வெயில் எட்டாத ஆழம், ஒரே குளிர். அங்கே பெண் மீனின் நெற்றியில் ஒரு தூண்டில், அதன் நுனியில் விளக்கு. வெளிச்சத்தைப் பார்த்து வருகிற இரை நேரே அதன் வாய்க்குள் போய்விடும். யுத்தத்துக்காக ஊரில் விளக்கையெல்லாம் அணைக்கச் சொல்லி இருட்டடிப்பு வந்தபோது எல்லோரும் சபித்தார்கள். இவர் மட்டும், “இப்பத்தான் ஓய், அது படற பாடு நமக்குப் புரியறது” என்று பூரித்துப் போனார்.

வயது முப்பத்தைந்து. மூன்று வீடுகளில் பஜ்ஜி தின்று, மீனைப் பற்றிப் பேசி, வேண்டாமென்று சொல்லப்பட்டவர். நாலாவது பெண் மந்தைவெளியில்.

“இதுவும் போச்சுன்னா எங்கம்மா இனிமே ஜாதகத்தையே வெளியில எடுக்க மாட்டா” என்று கலங்கினார். மீன் என்ற பேச்சே எடுப்பதில்லை என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். துணைக்கு நானும் போனேன்.

பெண்ணின் அப்பா பஜ்ஜித் தட்டை நகர்த்திவிட்டு, “மாப்பிள்ளைக்கு எதுல ஆராய்ச்சி?” என்று கேட்டார். தொலைந்தது.

“ஆண் மீன் விரலளவுதான் மாமா. இருட்டுல மோப்பம் பிடிச்சுண்டே வந்து அவளைக் கடிச்சுப் பிடிச்சுக்கும். அப்புறம் விடவே விடாது. ரெண்டு ரத்தமும் ஒண்ணாயிடும். அதுக்குக் கண்ணு போயிடும், குடல் போயிடும். அவ சாப்பிடறதுதான் அதுக்கும் சாப்பாடு.”

அப்பா எழுந்து மேல்துண்டை உதறினார். ஆழ்கடலும் எழுந்தார், நான் செருப்பைத் தேடினேன்.

கதவோரத்திலிருந்து பெண் கேட்டாள்: “அவன் வந்து சேர்ற வரைக்கும் அந்த இருட்டுல அவ தனியாவா இருப்பா?”

அதுவரை மீனைப் பற்றி ஆழ்கடலிடம் யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. அவள் பக்கம் திரும்பி, “ஆமாம். சில பேருக்கு அவன் வர்றதே இல்லை” என்றார்.

“அப்பா, காபி ஆறிடும். அவரை உட்காரச் சொல்லுங்கோ” என்றாள் பெண்.

தையில் கல்யாணம். ஒரே பெண் என்பதால் வீட்டோடு மாப்பிள்ளை. சில வருஷம் கழித்துப் பார்க்கப் போனேன். கனத்த மூக்குக்கண்ணாடி, மடியில் மோர் சாதக் கிண்ணம்.

“கண்ணு மங்கிடுத்து, வயிறும் சரியில்லே. எல்லாம் சயின்ஸ்படிதான் போயிண்டிருக்கு ஓய்” என்றார், பரம திருப்தியாக.

சிரித்துவிட்டு அறைக்குத் திரும்பினேன். மீனைப் பற்றிப் பேச அங்கே ஆளில்லை. கூட இருந்த காலத்தில் நானும் அவரை ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம்.